கருங்கல் சந்தில் ஒரு மீன்: புதுச்சேரியிலிருந்து பரங்கிப்பேட்டை வரை

வியாழன், புதுச்சேரி

இந்த முறை வந்தது ஒரு மீனுக்காக. நடுவிரல் நீளம் இருக்கும், ஏலத்துக்கு வராது, குழம்புக்கும் ஆகாது. பிளென்னி என்கிற குடும்பம், உலகம் முழுக்க ஏறத்தாழ 400 இனங்கள், பெரும்பாலும் கரையோரப் பாறைகளில் தரையோடு தரையாகக் கிடப்பவை. அதில் பாறை விட்டுப் பாறை தாவுகிற கூட்டத்துக்கு ராக்ஸ்கிப்பர் என்று பெயர். அதைப் பார்க்கத்தான் அக்கா மகன் கதிரையும் இழுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து காலை பஸ் பிடித்தேன். அவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறான்.

நாளை மறுநாள் மாசி மகம். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். நம் கரையில் அந்த வித்தியாசம் குஜராத் பக்கம் போலப் பெரிதில்லை, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனால் கல்லின் அடிப்பக்கம் கொஞ்ச நேரம் வெளியே தெரிவதற்கு அது போதும். வாடைக்காற்று அடங்கிவிட்டது, தண்ணீரில் கலங்கலும் குறைவு. அதனால்தான் இந்த வாரம்.

பீச் ரோட்டில் டூப்ளே சிலையைத் தாண்டி, கரையோரக் கருங்கல் சுவர் முழுசாக இருக்கிற தெற்குப் பக்கம், மதியம் வற்று நேரத்தில் இறங்கினோம். கல் சுட்டது. பாசி பிடித்த கல்லில் செருப்பு வழுக்கும், வெறுங்காலை வைத்தால் கல்லில் ஒட்டி வளர்கிற கூரான ஓடுடைய கொட்டலசு கீறிவிடும், பழைய கான்வாஸ் ஷூதான் சரி. இறங்கியதும் எதுவும் தெரியாது. கல், கொட்டலசு, பச்சைப் பாசி, ஓடி ஒளிகிற நண்டுகள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கல்லே ஓரிடத்தில் நகர்வது போலத் தெரியும், அதுதான் மீன்.

"மாமா, அந்தக் கல்லோட நிழல் பக்கம் பாருங்க" என்றான் கதிர்.

தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஈரக் கல்லில், முழுசாகக் காற்றில் கிடந்தது. மொட்டை முகம், நெற்றியிலிருந்து வாய்வரை செங்குத்தாக இறங்குகிறது. கண்கள் இரண்டும் தலை உச்சியில், ஒன்று எங்கள் பக்கம் திரும்பியிருக்க மற்றது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேலே இரண்டு சின்ன இழைகள். உடம்பெல்லாம் சாம்பலும் பழுப்புமாகப் பட்டைகள், செதில் என்பதே கிடையாது. தொண்டையடியில் இரண்டு குச்சித் துடுப்புகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி வைத்திருந்தது. அவை இடுப்புத் துடுப்புகள், பல மீன்களுக்கு வயிற்றுப் பக்கம் இருக்கும், பிளென்னிக்கு மார்புத் துடுப்புக்கும் முன்னால் வந்துவிட்டன. நீந்துவதற்கு அவற்றால் பெரிய பிரயோசனம் இல்லை, ஊன்றி நிற்கத்தான். வளர்ந்த மீனுக்குப் பெரும்பாலும் காற்றுப்பையும் இருப்பதில்லை, தண்ணீரின் நடுவில் மிதந்து நிற்கிற பிழைப்பே இதற்கு வேண்டாம்.

அது மேய்ந்துகொண்டிருந்தது. உதட்டைக் கல்லில் பதித்துத் தலையை ஒரு வெட்டு வெட்டும், பாசியில் சின்னதாக ஒரு தடம் விழும், ஒரு விரற்கடை தள்ளிப் போய் இன்னொரு வெட்டு. சீப்புப் பற்களைப் போல மெல்லிய பற்கள் நெருக்கமாக ஒரே வரிசையில் இருப்பதால் பாசியையும் அதில் படிந்த மண்டியையும் சுரண்டித் தின்ன முடிகிறது. அலை வருவதற்குச் சற்று முன்னால் உடம்பை வளைத்து வாலைக் கல்லில் அழுத்தி ஒரு தாவு. அடுத்த கல்லில் நின்றது. அலை அந்தக் கல்லையும் மூடித் திரும்பியது, மீன் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கரையில் இருக்கும்போது செவுளோடு ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். வெயில் விழுகிற பக்கம் ஒரு மீன்கூட இல்லாததற்கு அதுதான் காரணம், நிழலும் தெறிக்கிற தண்ணீரும் சேர்கிற குறுகிய பட்டையில்தான் அத்தனையும் இருந்தன. பசிபிக்கில் குவாம் தீவில் இதன் உறவுக்கார மீன் ஒன்று இருக்கிறது, அது வளர்ந்த பிறகு தண்ணீருக்குள் போவதையே தவிர்த்து, தெறிக்கிற அலையில் நனைந்தபடி வாழ்நாளைப் பாறையிலேயே கழிக்கிறது.

வெள்ளி, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம்

இன்று வடக்கே நடந்தோம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் வந்திருக்கிறது, பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-இல் அங்கே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் எஃகாலான ஒரு திட்டை இறக்கினார்கள், அதன் மேல் அலை உடைந்து வேகம் குறைவதால் மணல் தங்குகிறது.

குருசுக்குப்பம் தாண்டி ஒரு பெரியவர் படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் கல்லுக்குக் கல் குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி தேடுறீங்க, போன் விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

மீன் பார்க்கிறோம் ஐயா என்று சொல்லி நேற்று எடுத்த படத்தைக் காட்டினேன்.

"அதுவா? உளுவை மாதிரி ஒண்ணு, கல்லுலயே கெடக்கும். பசங்க புடிக்கப் பாப்பானுங்க, கை வெக்கிறதுக்குள்ள போயிடும். எங்க அப்பா காலத்துல இந்த எடத்துல அதக் கண்டதில்ல. கல்லே இல்லையே. இதெல்லாம் கடலோட கல்லு இல்ல தம்பி, லாரில வந்த கல்லு. அப்ப இங்க கரைவலை இழுப்போம், அம்மாம் மணலு."

அவர் சொன்னதில் இந்தக் கரையின் முழுக் கதையும் இருக்கிறது. வருஷத்தில் பாதிக்கு மேல், தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில், நம் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடை மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனாலும் மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். மணல் அதன் தெற்கே தேங்கியது, வடக்கே போக வேண்டியது போகவில்லை. கடல் நகரத்துக் கடற்கரையை அரித்துவிட்டுக் குப்பங்களுக்கு வந்தது. வீட்டைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள், கொட்டிய இடம் நின்றது, அதற்கு அடுத்த ஊர் அரித்தது, அங்கும் கொட்டினார்கள். இப்படியே தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரைக்கும் போய்விட்டது. 2004 சுனாமியில் நகரத்தின் முகப்பை இந்தக் கல் காப்பாற்றியது என்பதும் உண்மைதான். அதற்காகக் கரைவலை இழுத்த மணலை இழந்தவருடைய நஷ்டம் குறைந்துவிடாது.

மணல் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை, பிளென்னிக்காகக் கல் இருக்கட்டும் என்று வாதாட நான் வரவில்லை. படகை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நிற்கிறவரிடம் போய் மீனின் அருமையைப் பேசுவது அநியாயம். ஆனால் கல் இருக்கிற இடத்தில் அதற்குள் என்ன வந்து சேர்ந்திருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும். இங்கே நகராட்சித் தொட்டிக்குப் பதிலாகக் கல் சந்தைப் பயன்படுத்துகிறார்கள். வைத்திக்குப்பம் வரை ஒவ்வொரு சந்திலும் பிளாஸ்டிக் டம்ளர், பால் பாக்கெட், பீர் பாட்டில் துண்டு. ஒரு சந்து அடைபட்டால் அதற்குள் அலையின் ஓட்டம் நிற்கிறது, ஓட்டம் நின்ற தண்ணீர் வெயிலில் சூடாகிக் கெட்டுப்போகிறது. அப்படி அடைபட்ட சந்துகளில் இன்று ஒரு மீனையும் நாங்கள் பார்க்கவில்லை.

சரி, கல் லாரியில் வந்தது, மீன் எப்படி வந்தது? முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு பாறையில் தங்குவதில்லை. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடம்போடு சில வாரங்கள் கடலில் மிதவை உயிர்களோடு அலைகிறது, நீரோட்டம் கொண்டுபோகிற இடமெல்லாம் போகிறது, அதற்குப் பிறகுதான் அடிக்கு இறங்க இடம் தேடுகிறது. மணலில் இறங்கினால் ஒளிய இடமில்லை. கல் கிடைத்தால் அங்கேயே வாழ்க்கை.

சனி, மாசி மகம்

விடியற்காலையிலேயே வைத்திக்குப்பம் நிறைந்துவிட்டது. மயிலம் முருகன், தீவனூர் விநாயகர், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள் என்று பல ஊர்ச் சாமிகள் வரிசையாக வந்து நின்றன, தீர்த்தவாரி முடியப் பகலாகிவிட்டது. கூட்டத்தில் கதிர் ஒரு முறை காணாமல் போய்க் கிடைத்தான். அதைப் பற்றி எழுதினால் வேறு கட்டுரையாகிவிடும்.

பிற்பகல் மறுபடியும் தெற்கே கல் சுவருக்கு. இன்று இந்தப் பயணத்திலேயே நான் மறக்க முடியாத ஒன்றைப் பார்த்தேன்.

குவாரியில் பாறையைப் பிளக்க வெடி வைப்பதற்குத் துளை போடுவார்கள். கொட்டிய கற்களில் பலவற்றில் அந்தத் துளையின் பாதி, நீளமான தடமாக இருக்கும். ஒரு கல்லில் துளை பிளக்காமல் முழுசாகவே நின்றுவிட்டது. இரண்டு விரல் நுழைகிற அகலம், வற்றும்போதும் பாதி தண்ணீரில் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தலை. மற்றவற்றைவிடக் கறுத்த முகம், கண்ணுக்கு மேலே இழைகள் நன்றாக விரிந்திருந்தன. நண்டு ஒன்று பக்கத்தில் வந்ததும் தலை முழுக்க வெளியே வந்து ஒரு முட்டு முட்டியது, நண்டு விலகியது, தலை உள்ளே போனது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எட்டிப் பார்த்தது. கதிர் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது துளையின் மேல் சுவரில் ஒரே அடுக்காக ஒட்டியிருந்த முட்டைகள் தெரிந்தன. சிலவற்றில் கறுப்பாக இரண்டிரண்டு புள்ளிகள், குஞ்சின் கண்கள்.

இந்தக் குடும்பத்தில் முட்டையைக் காப்பது ஆண்தான். பொந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பெண்ணை அழைக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பெண் மீன்கள் ஒரே பொந்தில் முட்டையிட்டுப் போவதும் உண்டு. அதற்குப் பிறகு ஆண் உள்ளேயே இருந்து துடுப்பால் விசிறித் தண்ணீரை ஓட விடும், கெட்ட முட்டையை எடுத்துவிடும், வருகிறவனை விரட்டும். மேய்ச்சலுக்கு வெளியே போவதும் குறைந்துவிடும். வெடி வைக்கப் போட்ட துளையில் அதைப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. விளக்கை உடனே அணைக்கச் சொன்னேன், அதிக நேரம் தொந்தரவு செய்யக்கூடாது.

திரும்பும்போது பழைய கலங்கரை விளக்கத்தடியில் டீ. அதில் முதன்முதலில் விளக்கேற்றியது 1836 ஜூலையில். பாரிஸில் குவியேவும் வாலன்சியென்னும் தொடங்கி, குவியே இறந்த பிறகு வாலன்சியென் தொடர்ந்த மீன்களின் பெருந்தொகுப்பில், பிளென்னிகளுக்கான பதினோராம் தொகுதி வெளிவந்ததும் அதே 1836-இல். இந்தியக் கடல்களின் பிளென்னிகள் பலவற்றுக்கு இன்றும் நிலைத்திருக்கிற அறிவியல் பெயர் அதில் வைத்ததுதான். அந்தத் தொகுப்புக்குப் புதுச்சேரியிலிருந்தும் மீன்கள் போயின. 1816-இல் இங்கே வந்து சில ஆண்டுகள் தங்கிய லெஷனோ என்ற இயற்கை ஆய்வாளர் செடிகளோடு மீன்களையும் பதப்படுத்திப் பாரிஸுக்கு அனுப்பினார். அவருடைய மீன்களைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இந்தக் குப்பங்களின் ஆட்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் பெயர் எந்த இனத்துக்கும் இல்லை.

ஞாயிறு, கடலூர் முதுநகர்

புதுச்சேரியிலிருந்து கடலூர் பக்கம்தான், தவளக்குப்பம், கன்னியக்கோயில், அப்புறம் தென்பெண்ணைப் பாலம், மஞ்சக்குப்பம். தேவனாம்பட்டினத்தில் கொஞ்ச நேரம் நின்றோம், நல்ல அகலமான மணல், நம் மீனுக்கு அங்கே வேலை இல்லை. முதுநகர் துறைமுகத்துக்குப் போய் முகத்துவாரத்துக் கல்லில் உட்கார்ந்தோம். புதுச்சேரி அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இல்லை, மீனும் குறைவாகத்தான் கண்ணில் பட்டது. நான்கைந்து பிள்ளைகள் நரம்பும் முள்ளுமாக இறால் துண்டைக் குத்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள், கிழங்கானும் சின்னப் பாரை மீனும் கிடைத்தன.

அதைவிட எனக்குப் பிடித்தது கரையேற்றிய விசைப்படகு ஒன்றின் அடிப்பக்கம். சுரண்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தோம். கொட்டலசு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, கட்டைவிரல் பருமனுக்குக் கூடு கட்டியிருந்தது. செத்தவற்றின் காலிக் கூடுகளும் நிறைய. சிறு பிளென்னிகளுக்கு அந்தக் காலிக் கூடு ஒரு வீடு, முட்டையிடவும் ஒளியவும்.

"இது அடில இருந்தா டீசல் அதிகமா குடிக்கும்ணே, அதான் சொரண்டுறது. ஏன், இதுல இன்னா இருக்குது?" என்று கேட்டார்.

அவரிடம் சொன்ன கதையை இங்கேயும் சொல்கிறேன். ஓமோபிராங்கஸ் பங்டேட்டஸ் என்று ஒரு பிளென்னி, இந்தியக் கரைகளில் சிப்பிக்கும் கொட்டலசுக்கும் நடுவில் வாழ்வது, மேலே சொன்ன 1836 தொகுதியில்தான் அதற்கும் பெயர் வைத்தார்கள். அந்த மீன் உலகின் மறு பக்கத்தில், கரீபியக் கடலின் டிரினிடாட் தீவிலும் இருக்கிறது. 1845-இலிருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டிரினிடாட்டுக்குக் கப்பல்கள் போயின. அந்தக் கப்பல்களின் அடியில் ஒட்டிய கொட்டலசுக் கூட்டத்தோடு இந்த மீனும் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேலே மனிதர்கள், கீழே மீன். நம் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 1850-களிலிருந்து மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோனார்கள், போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. முதுநகரிலும் குப்பங்களிலும் தாத்தாவுக்குத் தாத்தா கப்பலேறிப் போனார், தகவல் இல்லை என்று சொல்கிற குடும்பங்கள் இருக்கும்.

அந்த அண்ணன் சுரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உதிர்ந்து கிடந்த கூடுகளைக் காலால் கிளறி, "செத்துப்போனதுதாண்ணே எல்லாம். தடைக்காலத்துல வாங்க, படகத் தண்ணில வெச்சே காட்டறேன்" என்றார்.

திங்கள், பரங்கிப்பேட்டை

கடைசி நாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் கரையில் இருக்கிறது, பாடத்தில் அதன் பெயரைப் படித்திருந்த கதிருக்கு நேரில் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம்.

வெள்ளாற்றுச் சேற்றில் வற்று நேரத்தில் சேற்று மீன்கள் கும்பலாகத் துள்ளிக்கொண்டிருந்தன. இவையும் தண்ணீரை விட்டு வெளியே வருகிறவை, தலை உச்சியில் கண், ஈரத் தோல் வழியாக மூச்சு, ஆளைக் கண்டால் தாவல். பார்த்த உடனே "இதுவும் பிளென்னியா மாமா?" என்றான். இல்லை, இது உளுவை (கோபி) வகையைச் சேர்ந்தது. வைத்திக்குப்பத்துப் பெரியவர் பிளென்னியை உளுவை மாதிரி ஒன்று என்று சொன்னதில் அந்த 'மாதிரி' மிகச் சரியான வார்த்தை. கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் சுலபம். பெரும்பாலான உளுவைகளுக்கு இடுப்புத் துடுப்பு இரண்டும் சேர்ந்து ஒரு கிண்ணமாகியிருக்கும், பிளென்னிக்குத் தனித்தனியாக இரண்டு குச்சி. உளுவைக்கு முதுகில் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும், பிளென்னிக்குத் தலைக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் ஒரே நீளம். உளுவைக்குப் பொதுவாகச் செதில் உண்டு. ஒன்று சேற்றிலிருந்து கரையேறியது, மற்றது பாறையிலிருந்து, இரண்டும் தனித்தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அரை மணி நேரம் சேற்றோரத்தில் உட்கார்ந்து இதையே பேசிக்கொண்டிருந்தோம், அவன் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தான், துடுப்பைச் சரியாக வரைந்தான்.

யாராவது போவதாக இருந்தால் மூன்று விஷயம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் புதுச்சேரியில் நன்றாக வற்றுவது மதியத்திலிருந்து பிற்பகல் வரைக்கும்தான், காலையில் போனால் கல் தண்ணீருக்குள் இருக்கும். கல்லைப் புரட்டாதீர்கள், அடியில் முட்டை இருந்தால் காய்ந்துவிடும். ஒரு பை எடுத்துப் போய் ஒரு சந்திலிருக்கும் குப்பையையாவது எடுத்துவிட்டு வாருங்கள், நேற்று முன்தினம் நாங்கள் எடுத்த சந்து எதுவென்று டூப்ளே சிலைப் பக்கம் போனால் பார்த்தாலே தெரியும்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை. விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் முதுநகருக்கு மறுபடியும் வருவதாக அந்த அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கதிர் செய்த முதல் வேலை, சித்திரைப் பௌர்ணமி என்றைக்கு வருகிறது என்று தேடியதுதான்.